பிறந்தபோது பாஸ், மூன்று வயதில் காது மிஷின்

என் மகனுடைய சுகாதாரப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பிறந்த மறுநாள் எடுத்த செவித்திறன் சோதனை. வலது காது பாஸ், இடது காது பாஸ், கீழே ஒரு கையெழுத்து. அந்தப் பக்கத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒன்றரை வயதில் அவன் சரியாகப் பேசாதபோது பார்த்தேன். இரண்டு வயதில் கூப்பிட்டும் திரும்பாதபோது பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ‘காது சரியாகத்தான் இருக்கிறது, இது வேறு ஏதோ’ என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பியதில் எங்களுக்கு 15 மாதங்கள் போயின. பணமும் போனது, ஆனால் பணத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. ஒரு குழந்தை பேச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய 15 மாதங்கள் அவை. அப்போது யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்று பல இரவுகள் அழுதிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அத்தை மகனைக் கட்டிக்கொண்டு 2016இல் சிங்கப்பூர் வந்தேன். ஈசூனில் நாலறை வீடு. கணவருக்கு ஜூரோங் தீவில் 12 மணி நேர ஷிஃப்ட், பாதி நாள் இரவு வேலை. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். 2019 ஜூனில் மகன் பிறந்தான். வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமனையில் மறுநாள் காலை ஒரு தாதி சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவனின் நெற்றியில் ஏதோ ஒட்டி, காதில் எதையோ வைத்தார். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. “பாஸ்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தையல் வலியில் இருந்த எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். பச்சைக் குழந்தைக்கு இரண்டு வகையான சோதனைகள் உண்டு. ஒன்றில் காதுக்குள் சின்ன முனையை வைத்து ஒலி அனுப்புவார்கள். உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் வேலை செய்தால் அங்கிருந்து மெல்லிய எதிரொலி திரும்பி வரும், அதைக் கருவி பிடித்துக்கொள்ளும். இதற்கு ஓஏஇ என்று பெயர். இன்னொன்றில் நெற்றியிலும் காதோரத்திலும் ஒட்டுகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் பதில் தருகின்றனவா என்று பார்ப்பார்கள். இது ஏஏபிஆர். இரண்டுமே வலியில்லாதவை, நல்லவை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்குப் பிறவியிலேயே நிரந்தரக் கேட்டல் குறை இருக்கிறது, அவர்களில் பெரும்பாலானவர்களை இந்தச் சோதனைதான் கண்டுபிடித்துத் தருகிறது. ஆனால் ஏஏபிஆரில் வழக்கமாக 35 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) அளவில்தான் ஒலி கொடுப்பார்கள். அதற்குக் கீழே லேசான குறை இருந்தால் குழந்தை பாஸ் ஆகிவிடும். உள்காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇ மட்டும் எடுத்த குழந்தையும் பாஸ் ஆகிவிடும். இன்னும் சில குழந்தைகளுக்குப் பிறந்தபோது முழுக் கேட்கும் திறன் இருந்து, மாதங்கள் போகப் போகக் குறையும். தம்பிக்கு முதலிலேயே லேசாக இருந்ததா, பிறகு குறைந்ததா என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ் என்பது அந்த ஒரு நாளின் பதில், அவ்வளவுதான். அதை ஆயுசுக்கும் எழுதிக் கொடுத்த சான்றிதழ்போல நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடம் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவன் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 2020 ஏப்ரலில், கோவிட் முடக்கம் வந்தது. ஜூன் தொடக்கம் வரை எல்லோரும் வீட்டுக்குள்தான். வேறு குழந்தைகளைப் பார்க்கவே இல்லை, ஒப்பிட ஆள் இல்லை. ஒருநாள் எனக்கே லேசாக உறுத்தியது. அவனுக்குப் பின்னால் நின்று குக்கர் மூடியைத் தரையில் போட்டேன். துள்ளித் திரும்பினான். நிம்மதியாகிவிட்டது. அந்தச் சோதனையைத் தயவுசெய்து யாரும் செய்து நிம்மதி அடையாதீர்கள். தட்டு, மூடி, கதவு அறைவது எல்லாமே மிகப் பலமான ஓசைகள், தரையில் அதிர்வும் வரும். நடுத்தரமான குறையுள்ள குழந்தை அதற்கெல்லாம் திரும்பத்தான் செய்யும். நம் நிழல் விழுந்தாலும், நாம் நடக்கும்போது காற்று பட்டாலும் திரும்பும். பேச்சு கேட்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

ஒன்றரை வயதில் அவனிடம் ஐந்தாறு சொற்கள் இருந்தன. அம்மா, மாமா, நானா, வா, மியாவ். சட்டையை ‘அட்டை’ என்பான், தோசையை ‘ஓயை’ என்பான். எங்களுக்கு அது மழலை. அத்தை அதை ஊருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி மகிழ்ந்தார். அதில் ஒரு ஒழுங்கு இருந்ததை நான் பார்க்கவில்லை. ம, ந, வ வரும் சொற்களெல்லாம் ஒழுங்காக வந்தன. ச, த, ப வரும் இடங்களிலெல்லாம் அந்த எழுத்து காணாமல் போய் உயிர் ஓசை மட்டும் வந்தது. பாலிகிளினிக் என்னும் அரசு மருந்தகத்தில் 18 மாத வளர்ச்சிச் சோதனையின்போது தாதி என்னிடம் நேராகவே கேட்டார், “பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? சுட்டிக்காட்டாமல் ‘பந்தை எடு’ என்று சொன்னால் எடுக்கிறானா?” நான் யோசிக்காமல் “எல்லாம் செய்கிறான், பிறந்தபோது காது சோதனை பாஸ்” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் பந்தை எடு என்று சொல்லும்போது நான் எப்போதும் பந்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன், கையும் நீண்டுவிடும். அந்தத் தாதி மீது எந்தக் குறையும் இல்லை. பதிலைத் தவறாகக் கொடுத்தவள் நான். 2020 டிசம்பர் அது. என் 15 மாதக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்களிடம் இப்படி யாராவது கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணால்கூடக் காட்டாமல், சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள்.

2021 ஜனவரியில் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தோம், நான் கணக்கர் வேலைக்குத் திரும்பினேன். ஒரு மாதத்துக்குள் புகார்கள் வர ஆரம்பித்தன. சொன்னால் கேட்பதில்லை, வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும்போது எழுந்து ஓடுகிறான், மற்ற குழந்தைகளைத் தள்ளுகிறான். வீட்டில் அவன் அப்படி இல்லை. அதனால் அவனுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். காரணம் முகக்கவசம். வீட்டில் எங்கள் வாயைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டிருந்தான். அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் காலை முதல் மாலை வரை முகக்கவசம் போட்டிருந்தார்கள். வாயும் தெரியாது, குரலும் மங்கும், போதாக்குறைக்கு மின்விசிறிச் சத்தம், இருபது குழந்தைகளின் கூச்சல். இன்று முகக்கவசம் இல்லை, ஆனால் அந்த வித்தியாசம் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும். அமைதியான அறையில் முகத்தைப் பார்த்துப் பேசினால் நன்றாகவும், கூட்டத்தில் அல்லது முதுகுப் பக்கமிருந்து பேசினால் ‘சொல்பேச்சு கேட்காதவன்’ ஆகவும் ஒரு குழந்தை இருந்தால், குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காதைப் பார்க்க வேண்டும்.

சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், உங்க மாமா நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு” என்றார் அத்தை. பக்கத்து கிளினிக் டாக்டரும் இரண்டு வயது முடியட்டும் என்றார். ஃபோனைப் பார்க்கவிடாதே என்றார் ஒரு தோழி. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று தனியார் பேச்சுப் பயிற்சி ஒன்றில் சேர்த்தேன். ஒரு வகுப்புக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 22 வகுப்புகள், ஆக 3,300 வெள்ளி. சேர்க்கும்போது அவர்கள் செவித்திறன் சோதனை எடுத்தீர்களா என்று கேட்டார்கள். பிறந்தபோது பாஸ் என்று சொன்னேன், படிவத்தில் டிக் போட்டுக்கொண்டார்கள். இதைத்தான் ஒவ்வொரு பெற்றோரிடமும் கையைப் பிடித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். பேச்சு தாமதம் என்று ஒருவர் சொன்னால், பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், வேறு எந்தப் பெயரையும் குழந்தைமேல் ஒட்டுவதற்கு முன்னால், முழுமையான செவித்திறன் சோதனை ஒன்றைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். பிறந்தபோது எடுத்தது கணக்கில் வராது. நல்ல பயிற்சியாளர் அவராகவே அதைக் கேட்பார்.

அந்த வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். வீட்டில் இரண்டு மொழி இருப்பதால் குழந்தை குழம்புகிறான், தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று. இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. நான் அதைச் செய்தேன். ஒரு வருடம் அவனிடம் தமிழ் பேசவில்லை. என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம், கொஞ்சுவதற்கும் கோபப்படுவதற்கும் அதில் எனக்குச் சொல் இல்லை. ‘கம்’, ‘ஈட்’, ‘நோ’ என்று ஆகிப்போனது எங்கள் பேச்சு. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனிடம் பேசினால் அவனுக்குக் கெடுதல் என்று நினைத்து, அந்த மனுஷி தன் வாயைக் கட்டிக்கொண்டார். மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் தலையைத் தடவிக்கொண்டிருப்பார். கேட்பதே குறைவாக இருந்த ஒரு குழந்தைக்கு, காதில் விழ வேண்டிய பேச்சையும் நாங்களே குறைத்துவிட்டோம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை வருவதில்லை என்று பிறகு மருத்துவமனைப் பேச்சு நிபுணர் விளக்கினார். கேட்டல் குறையுள்ள குழந்தைகூட இரண்டு மொழி கற்கலாமாம். உங்களுக்கு எந்த மொழி சரளமாக வருமோ அதில் நிறையப் பேசுங்கள், அதுதான் அவனுக்குச் சோறு என்றார். அவர் தமிழர் இல்லை. சீனர். அவர் சொல்லித்தான் என் வீட்டுக்குத் தமிழ் திரும்பி வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் தம்பிக்குத் தொடர்ந்து சளி. ஒரு தனியார் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, இது சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப சகஜம், பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று மாதம் காத்திருப்பது வழக்கமான முறைதான், அதில் தவறில்லை. ஆனால் அந்த நீர் ஒரு திரைபோல முன்னால் நின்றதில் அதன் பின்னால் இருந்த நிரந்தரக் குறையை யாரும் தேடவில்லை. நானும் கேட்கவில்லை. நவம்பரில் போனபோது நீர் வடிந்திருந்தது, “இனி பேசிவிடுவான்” என்று அனுப்பினார்கள். இரண்டு தடவைக்கும் சேர்த்து 360 வெள்ளி. அவன் பேசவில்லை. நீர் கோத்திருக்கிறது என்று சொல்லும் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வடிந்த பிறகு கேட்கும் அளவைச் சோதித்துப் பார்ப்பீர்களா?” எங்களுக்கு அந்தக் கேள்வி மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சமையலறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓசை எழுப்பினேன். அசையவில்லை. ‘ஷ்ஷ்’ என்றேன், அசையவில்லை. ‘ஊ’ என்றேன், திரும்பிச் சிரித்தான். எத்தனை முறை செய்தாலும் அதே கதை. அன்று இரவு கணவர் வேலைக்குப் போன பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஞாயிறு முழுவதும் காத்திருந்து திங்கட்கிழமை பாலிகிளினிக் போய் எழுத்துபூர்வமாகச் சொன்னேன், ‘ஸ், ஷ் போன்ற உயர்ந்த ஓசைகளுக்குத் திரும்புவதில்லை’ என்று. உடனே மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். இங்கே ஒரு பண விஷயம். குடிமக்களுக்குப் பாலிகிளினிக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். அவசரத்தில் நேராகத் தனியாருக்குப் போய்விட்டு அங்கிருந்து தொடர்ந்தால் முழுக் கட்டணம். காத்திருப்பு நீளம் என்றால், சந்திப்பு நாளை உறுதி செய்துகொண்டு, இடையில் யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லிப் பெயர் கொடுத்து வையுங்கள். நான் வாரம் இரண்டு முறை ஃபோன் செய்தேன், இரண்டு வாரம் முன்னதாகவே இடம் கிடைத்தது.

முதல் சோதனை ஒரு சின்ன ஒலிபுகா அறையில். ஓசை வந்த பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் பொம்மை வெளிச்சத்தோடு ஆடும். ஆறு மாதத்திலிருந்தே குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்ய முடியும். தம்பி ஐந்து நிமிடத்தில் சலித்துப்போய் என் மடியிலிருந்து இறங்கிவிட்டான். முடிவு முழுமையாக வரவில்லை. ஆகவே தூங்க வைத்து எடுக்கும் ஏபிஆர் சோதனைக்கு (முன்பு சொன்ன ஏஏபிஆரின் விரிவான வடிவம்) நாள் குறித்தார்கள். மயக்கமருந்து சிரப் கொடுப்பார்கள், அதற்கு முன்னால் இத்தனை மணி நேரம் சாப்பாடு கூடாது, காலையில் சீக்கிரமே எழுப்பிவிட வேண்டும், வழியில் தூங்க விடக்கூடாது. எல்லாம் காகிதத்தில் இருந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதிகாலை நாலரைக்கு எழுப்பி, பசியோடு அழுதவனை டாக்சியில் ஏற்றினேன். விரைவுச்சாலையில் டாக்சி ஏறியதுமே தூங்கிவிட்டான். தட்டினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. இருபது நிமிடம் தூங்கி எழுந்தவன் அப்புறம் சிரப் குடித்தும் தூங்கவே இல்லை, பாதிச் சிரப்பைத் துப்பியும்விட்டான். இரண்டு மணி நேரம் அந்த அறையில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சோதனை ரத்து. அடுத்த நாள் கிடைக்க ஐந்து வாரம். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும், அவர் வேலை ஒன்றே ஒன்று, வழி முழுக்கக் குழந்தையை விழிக்க வைத்திருப்பது. இரண்டாவது முறை அத்தையைக் கூட்டிப் போனேன். மருத்துவமனை வாசல் வரை தம்பியின் உள்ளங்காலைக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே வந்தார். மருந்து கொடுத்ததும் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

2022 மார்ச். ஒன்றரை மணி நேரம் சோதித்துவிட்டு, செவித்திறன் நிபுணர் ஒரு கட்டம் போட்ட தாளை என் முன்னால் வைத்தார். இரண்டு காதிலும் கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. ‘ஊ’ போன்ற தாழ்ந்த ஓசைகள் 40 டெசிபல் பலத்தில் வந்தால்தான் அவனுக்குக் கேட்கும், ‘ஸ்’ போன்ற உயர்ந்த ஓசைகள் 65 டெசிபலில் வர வேண்டும். “உங்கள் குரல் அவனுக்குக் கேட்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது கேட்கவில்லை” என்றார். பேச்சில் உயிர் ஓசைகள் தாழ்ந்தும் பலமாகவும் இருக்கும், ச, த, ஸ, ஃப போன்ற மெய்கள் உயர்ந்தும் மெல்லியதாகவும் இருக்கும், அவை உதிர்ந்துவிடுகின்றன என்று படம் போட்டுக் காட்டினார். சட்டை ஏன் அட்டை ஆனது என்று எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. மழலை என்று நாங்கள் சிரித்த ஒவ்வொன்றும் அவன் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னது. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கைதான் நடுங்கியது. மயக்கம் தெளியாமல் தூங்கிக்கொண்டிருந்தவனின் காதை அத்தை தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கணவருக்கு ஃபோன் செய்தால் எடுக்க முடியாத இடத்தில் இருந்தார். இரவு ஏழு மணிக்குத்தான் சொன்னேன்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. இரண்டு காதுக்கும் செவித்துணைக் கருவி, ஜோடி 5,200 வெள்ளி. அன்றே கடன் அட்டையை நீட்டி வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். நிபுணர்தான் தடுத்தார். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழியாக உதவிதரும் தொழில்நுட்ப நிதி என்று ஒன்று இருக்கிறது, அப்போது குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைத்தது, ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க 40,000 வெள்ளி வரம்பு. வாங்கிவிட்டு அப்புறம் கேட்க முடியாது, முதலில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அவரே மதிப்பீட்டை எழுதினார். எங்களுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தது. குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் இருந்த பணத்தையும் பயன்படுத்த முடிந்தது. அனுமதி வர ஆன வாரங்களில் மருத்துவமனை இரவல் கருவி ஒன்று கொடுத்தது. இரவல் உண்டா என்று கேளுங்கள், கேட்காமல் அவர்களாகச் சொல்வதில்லை. நான் வேலையை விட்டுவிட்டேன். வாரம் ஒரு பயிற்சி, இடையிடையே கருவியைச் சரிசெய்யும் சந்திப்பு, எந்த முதலாளி அத்தனை லீவு தருவார்?

கருவி மாட்டியதும் குழந்தை பிரமித்துச் சிரிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. தம்பி கத்தினான், பிடுங்கி எறிந்தான். முதல் வாரம் ஒரு நாளைக்கு 20 நிமிடம்தான் காதில் இருந்தது. சாப்பிடும்போது, பிடித்த விளையாட்டின்போது என்று கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, இரண்டு மாதத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் என்று ஆனது. காது வளர வளர, கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து ‘கீ’ என்று விசிலடிக்கும். சில மாதத்துக்கொரு முறை புது அச்சு எடுக்க வேண்டும், எங்களுக்கு ஜோடி 120 வெள்ளி. இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உள்ளே போய்க் கருவி செத்துவிடும், ஆகவே இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வைக்கிறோம். பேட்டரிக் கதவுக்குக் குழந்தைப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சட்டைக் காலரோடு இணைக்கும் நூல் கிளிப் மூன்று வெள்ளிதான், எம்ஆர்டி ரயிலில் கழன்று விழுந்த கருவியை அதுதான் காப்பாற்றியது. தினம் காலையில் மாட்டியதும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறு ஓசைகள் சொல்வேன்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். தாழ்விலிருந்து உயர்வு வரை பேச்சின் எல்லா ஓசைகளையும் இந்த ஆறும் தொட்டுவிடும். ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் பேட்டரி, அழுக்கு, சளி எதுவோ ஒன்று என்று அன்றே தெரிந்துவிடும்.

காரணம் தேடி இரத்தச் சோதனை எடுத்தார்கள். கன்னெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் மாற்றம். எனக்கும் கணவருக்கும் ஒவ்வொரு பிரதி பழுது, எங்கள் காது நன்றாகவே இருக்கிறது. இரண்டு பழுதும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் குழந்தைக்கு வரும், ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுதல், ஆனால் உறவே இல்லாத தம்பதிகளுக்கும் இது வருகிறது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அத்தை வீட்டுக்கு வந்து, “எங்க அண்ணன் மகளைக் கேட்டுக் கட்டிக்கிட்டு வந்தது நான்தானே” என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஊரிலிருந்தும் ஃபோன்கள் வந்தன. யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்று கணவர் ஒரே முறை, ரொம்ப அழுத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. சொந்தத்தில் கட்டியவர்கள், குடும்பத்தில் சின்ன வயதிலேயே காது மிஷின் போட்டவர்கள் இருப்பவர்கள், குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர், மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகளின் பெற்றோர், பாஸ் ஆனாலும் மறுசோதனை கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பிறந்தபோதே பாஸ் ஆகாத குழந்தைகளின் அம்மாக்கள் சிலரைப் பயிற்சிக்குக் காத்திருக்கும் இடத்தில் சந்தித்தேன். அவர்களுக்கும் ஒரு சொல். காதில் நீர் இருக்கும், தானாகச் சரியாகும் என்று மறுசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது பல நாடுகளிலும் வைத்திருக்கும் இலக்கு. கர்ப்பத்தில் சிஎம்வி என்ற கிருமி தொற்றியிருந்தாலும் காது பாதிக்கப்படலாம், அதை உறுதி செய்ய எச்சில் அல்லது சிறுநீரைப் பிறந்த மூன்று வாரத்துக்குள் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகு எடுத்தால் பிறவியிலேயே வந்ததா என்று சொல்வது கடினம். மறுசோதனைக்கு அழைக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். அப்புறம் நம் வீடுகளில் குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும் உண்டு. என் அம்மாவும் செய்தார். வேண்டாம். பஞ்சுக்குச்சியும் வேண்டாம், அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

தம்பிக்கு இப்போது நாலரை வயது. வயதுக்கு ஒரு வருடம் பின்னால் இருக்கிறான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறான், தமிழில் அத்தையோடு, ஆங்கிலத்தில் பள்ளியில். முன்பு சொன்ன 22 வகுப்புகளில் வராத ‘ச’, கருவி மாட்டிய ஐந்தாவது மாதத்தில் வந்தது. ‘சட்டை’ என்று தெளிவாகச் சொன்னான். அத்தைக்கு அன்று அந்தப் பழைய ‘அட்டை’ காணொளியை அழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை.

வருகிற பிப்ரவரியில் எனக்கு இரண்டாவது பிரசவம். தாய்மைப் பிரிவுக் கோப்பின் முதல் பக்கத்திலேயே குடும்ப வரலாற்றை எழுதச் சொல்லிவிட்டேன். பிறந்ததும் இரண்டு வகைச் சோதனையும் எடுப்பார்கள். பாஸ் என்று வந்தாலும் ஆறாவது மாதத்தில் பொம்மை அறைச் சோதனைக்கு இப்போதே பெயர் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கணவரின் லீவையும் எழுதிக் கொடுத்தாயிற்று.